எஸ்ரா படத்துப் பெட்டியும் உண்மையான திப்பூக்கும்

பனையோலை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. போன வாரம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து 'எஸ்ரா' மலையாளப் படத்தை இன்னொரு தடவை பார்த்தோம். 2017இல் வந்தது, பலரும் பார்த்திருப்பீர்கள். முடிந்ததும் கல்லூரி போகும் என் மகள், "யூதர்கள் நிஜமாவே ஆவியைப் பெட்டியில போட்டுப் பூட்டி வைப்பாங்களாப்பா?" என்று கேட்டாள். இந்தப் பேச்சை எடுத்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். சொல்லிச் சொல்லி மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அதையே இங்கும் எழுதி வைக்கிறேன். தெரிந்தவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதலில் அந்தப் பெட்டி. யூத மரபில் திப்பூக்கை, அதாவது ஆளைப் பிடிக்கிற ஆவியை, அடைத்து வைக்கிற பெட்டி என்று எதுவும் கிடையாது. 2003இல் அமெரிக்காவில் ஒருவர் பழைய மது அலமாரி ஒன்றை ஈபே தளத்தில் ஏலம் விட்டார். கூடவே, நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஒரு பாட்டியின் உடைமை, உள்ளே ஆவி இருக்கிறது என்று ஒரு கதையும் எழுதினார். அலமாரி கைமாறிக் கைமாறி, கதை ஹாலிவுட் வரை போனது. எல்லாம் தன் கற்பனைதான் என்று 2021இல் அவரே ஒப்புக்கொண்டார். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பெட்டி உள்ளே வந்ததும் பல நூற்றாண்டுக் கதையின் உயிர்நாடி வெளியே போய்விட்டது. திப்பூக்குக்கு வேண்டியது மனித உடம்பு. மரப்பலகைக்குள் அதற்கு என்ன வேலை?

அப்புறம், திப்பூக் ஒரு பிசாசும் இல்லை. பிசாசுகளுக்கு யூதர்களிடம் 'ஷேதிம்' என்று தனிச்சொல் உண்டு. திப்பூக் என்பது செத்துப்போன ஒரு மனிதர். அவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, செய்த பாவம் ஒன்று உண்டு. சாதாரணப் பாவிக்குக் கெஹின்னோம் என்கிற நரகத்தில் பன்னிரண்டு மாதம்தான் என்பது பழைய யூத நூல்களின் கணக்கு. அதன்பின் விடுதலை. அந்த நரகத்தின் வாசலில்கூடச் சேர்த்துக்கொள்ளாத அளவுக்குப் பாவம் செய்த ஆவிதான் அலைகிறது. தண்டிக்கும் தேவதூதர்கள் அதை அடித்து விரட்டிக்கொண்டே வருவார்கள். மிருகத்துக்குள், செடிக்குள், கல்லுக்குள் ஒளிந்து பார்த்துவிட்டு, கடைசியில் உயிரோடிருக்கும் ஒருவரின் உடம்புக்குள் ஒதுங்குகிறது. மழைக்கு யார் வீட்டுத் திண்ணையிலாவது ஒதுங்குகிற மாதிரி.

செம்பருத்தி

அண்ணா, நல்ல இழை. திப்பூக் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? தமிழில் சொல்வதென்றால் எப்படிச் சொல்லலாம்?

பனையோலை

எபிரேயத்தில் 'த-ப-க்' என்ற வேர். ஒட்டுதல், பற்றிக்கொள்ளுதல் என்று பொருள். இன்றைக்கும் இஸ்ரேலில் கடையில் போய்ப் பசை கேட்பதானால் 'தெவெக்' என்றுதான் கேட்க வேண்டும், அதே வேர். பழைய நூல்கள் பொதுவாக 'ருவாக் ராஆ', அதாவது கெட்ட ஆவி, என்றே எழுதின. திப்பூக் என்ற பெயர் 17ஆம் நூற்றாண்டில்தான், போலந்து, ஜெர்மனி பக்கத்து யூதர்களின் மொழியான இத்திஷ் பேச்சிலிருந்து வந்தது.

இந்த வேரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. 'தெவெக்குத்' என்று இன்னொரு சொல்லும் அதிலிருந்தே வருகிறது. கடவுளோடு ஒட்டிக்கிடக்கும் நிலை. ஹசிடியம் என்கிற யூத பக்தி மரபில் அதைவிடப் பெரிய பேறு கிடையாது. ஆண்டவனைப் பற்றினாலும் ஆவி பற்றினாலும் அவர்களுக்கு ஒரே வேர்ச்சொல். தமிழிலும் 'பற்று' இந்த இரண்டு பக்கமும் போகும் என்பதால் நமக்கு இது சட்டென்று பிடிபடும். செம்பருத்தி கேட்டதற்கு என் பதில்: 'பற்றாவி' என்று சொல்லிப் பார்க்கலாம். வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

நூலகவாசி

ஐயா, இதன் ஆரம்பம் இன்னும் பழையது. முதலாம் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், தான் கண்ணால் பார்த்ததாகவே ஒன்று எழுதியிருக்கிறார். எலெயாசர் என்ற யூதர், ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் முன்னிலையில், சாலொமோன் குறித்துவைத்த வேர் பதித்த மோதிரத்தைப் பீடிக்கப்பட்டவனின் மூக்கருகே பிடித்து ஆவியை மூக்கு வழியாகவே இழுத்தாராம். ஆவி போய்விட்டது என்று கூட்டத்துக்குக் காட்ட, அங்கே வைத்திருந்த தண்ணீர்ப் பாத்திரத்தை அது கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தது. இதே யோசேப்பஸ் இன்னொரு இடத்தில், மனிதரைப் பிடிப்பவை தீயவர்களின் ஆவிகள் என்றும் சொல்கிறார். ஆக, 'செத்த மனிதன்தான் பிடிக்கிறான்' என்ற எண்ணத்தின் விதை அங்கேயே இருக்கிறது.

முத்துக்கரை

வேதாகமத்திலும் உண்டே. சவுல் ராஜாவைப் பொல்லாத ஆவி கலங்கப்பண்ணும்போது தாவீது சுரமண்டலம் வாசிப்பார், சவுலுக்கு ஆறுதலாகும். ஆனால் அந்த ஆவி எதுவும் பேசுவதில்லை, இல்லையா? பெயர் சொல்வதில்லை, ஊர் சொல்வதில்லை. வாய்திறந்து பேசுகிற ஆவி எப்போது வந்தது?

பனையோலை

முத்துக்கரை கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு நாம் சஃபேத் போக வேண்டும்.

இன்றைய இஸ்ரேலில், வட கலிலேயா மலையில் உள்ள ஊர். 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்ட பிறகு, 16ஆம் நூற்றாண்டில் கபாலா (யூத மறைஞானம்) ஞானிகள் பலர் வந்து கூடிய இடம். ஊர் மலைச்சரிவில், கல்லறைத் தோட்டம் அதற்குக் கீழே. ஞானிகள் கல்லறைகளின் மேல் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்து, உள்ளே இருப்பவரின் ஆன்மாவோடு தங்கள் ஆன்மாவைச் சேர்க்கப் பார்ப்பார்கள். செத்தவர்களோடு அவ்வளவு நெருங்கி வாழ்ந்த ஊர் அது. 1570இல் அங்கே வந்து சேர்ந்தார் ஐசக் லூரியா. 'ஆரி', சிங்கம், என்று அழைப்பார்கள். இரண்டே வருடம், 1572இல் கொள்ளைநோயில் இறந்தபோது வயது 38. அந்த இரண்டு வருடத்தில் சொன்னதைத்தான் சீடர் ஹயிம் வித்தால் எழுதிவைத்தார்.

லூரியாவின் போதனையில் 'கில்குல்', ஆன்மா உடம்பு விட்டு உடம்பு போவது, மிகப் பெரிய இடம் பிடிக்கிறது. ஆன்மா செய்யாமல் விட்டதைச் செய்து முடிக்கவே திரும்பி வருகிறது. அதைச் சீர் செய்வதற்குப் பெயர் 'திக்குன்'. நல்லவர் ஒருவரின் ஆன்மா, ஏதோ ஒரு கடமையை முடிக்க, உயிரோடிருப்பவருக்குள் சிலகாலம் வந்து தங்கினால் அது 'இப்பூர்'. கருத்தரித்தல் என்று அர்த்தம். கெட்டுப்போன ஆன்மா அப்படி வந்தால் திப்பூக். கதவு ஒன்றுதான். வருகிறவர் யார் என்பதைப் பொறுத்தே பெயர்.

இனி 1571ஐ ஒட்டிய கதை. சஃபேத்தில் ஒரு கைம்பெண்ணுக்குள் ஓர் ஆவி. லூரியா தானே போகாமல், வித்தாலின் தலையில் கைவைத்து ஆசி கூறி அனுப்பினார். வித்தால் உள்ளே நுழைந்ததும் ஆவி அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது, இவரைப் பார்க்க முடியாமல். விசாரணை தொடங்கியது. யார் நீ, என்ன செய்தாய், எப்படி நுழைந்தாய்? அவளுடைய நம்பிக்கையில் இருந்த ஒரு பிளவு வழியாக என்று பதில் வந்தது. இஸ்ரவேலர் எகிப்திலிருந்து புறப்பட்ட அற்புதத்தை அவள் மனதுக்குள் சந்தேகித்திருந்தாளாம். வித்தால் ஆவியைச் சுண்டுவிரல் வழியாகப் போகும்படி கட்டளையிட்டார், இடது காலின் சுண்டுவிரல். ஏன் அது? ஆவி வெளியேறுகிற உறுப்பு பழுதாகிவிடும் என்று நம்பினார்கள். கண் வழியாகவோ தொண்டை வழியாகவோ போனால் பெண்ணின் கதி என்ன ஆவது? அதனால் உடம்பிலேயே இழந்தால் தாங்கக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த ஒரு விவரத்தைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் காலத்து மனிதர்களின் பரிவு அதில் தெரிகிறது. பிறகு அந்த வீட்டு வாசலைப் பார்த்தால், நிலையில் இருக்கவேண்டிய மெஸூசா (வேத வசனம் எழுதிய தோல்சுருள்) இல்லவே இல்லை.

நூலகவாசி

அதே காலத்துச் சஃபேத் கதைகளில் வருகிற ஒன்றையும் சேர்க்கிறேன். நம் கடல் பக்கம் வருகிற கதை. அதில் ஓர் ஆவி தன் அலைச்சலைச் சொல்கிறது. ஹோர்முஸ் போனதாம், 'இந்திய தேசத்துக்கு அருகில் உள்ள பெரிய நகரம்' என்று அதற்கு விளக்கம் வேறு. அங்கே யூதர் ஒருவருக்குள் புகலாம் என்று பார்த்தால் அங்கிருந்தவர்கள் தன்னைவிட மோசமானவர்களாம், தங்க முடியவில்லை. பிறகு காசா பாலைவெளியில் ஒரு சினைமானுக்குள் புகுந்தது. மனித ஆன்மாவுக்கு நான்கு கால் உடம்பு சேரவில்லை, பெரும் வேதனை. அங்கிருந்து நாப்லுஸ், அப்புறம் சஃபேத். 16ஆம் நூற்றாண்டு யூத வணிகர் போய்வந்த தடம் அப்படியே அந்த ஆவியின் வாயில் வருகிறது பாருங்கள்.

முத்துக்கரை

ஓட்டும் முறை என்ன? ஜெபமா?

பனையோலை

நீதிமன்றம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்கள், மின்யான், கூட வேண்டும். ஆவியின் பெயரும் ஊரும் முதலில் தெரிந்தாக வேண்டும். வித்தால் எழுதிவைத்த முறையில், பீடிக்கப்பட்டவரின் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆவி பற்றியிருப்பது அங்கேதான் என்பதால். பிறகு 109ஆம் சங்கீதத்தின் 6ஆம் வசனத்தை நேராகவும் தலைகீழாகவும் ஓத வேண்டும். கூடவே ஷோஃபார், ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவார்கள். வேதச் சுருள்களைக் கொண்டுவருவார்கள். அடங்காவிட்டால் சமூக விலக்கு அறிவிப்பார்கள். செத்தவனைச் சமூகத்திலிருந்து விலக்குவது நமக்கு விசித்திரமாகத் தெரியலாம், ஆனால் அவனும் இன்னும் அந்தச் சமூகத்தின் ஆள்தான் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. சில சஃபேத் பதிவுகளில் கந்தகப் புகையை மூக்கில் ஏற்றுவதும் உண்டு. அதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கடமை மிச்சம். போகிற ஆவிக்கு இடம் வேண்டும். வேறு உடம்பைத் தேடாமல் அது கெஹின்னோமுக்குள் அனுமதிக்கப்பட ஓட்டுகிறவரே பிரார்த்திக்கிறார். அதன் பேரில் காதிஷ் (இறந்தவருக்காகச் சொல்லும் ஜெபம்) சொல்வார்கள், மிஷ்னா (பழைய யூதச் சட்டத் தொகுப்பு) படிப்பார்கள். நரகத்தில் சேர்த்துவிடுவதே அங்கே கருணை! நான் இந்த இழையைத் தொடங்கியதே இதைச் சொல்லத்தான். அந்த அறையில் உதவி வேண்டி இரண்டு பேர் இருக்கிறார்கள். உயிரோடு ஒருத்தி, செத்துப்போன ஒருவன். நல்ல ரபி (யூத குரு) இரண்டு பேருக்கும் வழி பார்க்க வேண்டும். பாக்தாத்தைச் சேர்ந்த யெஹுதா ஃபதாயா என்ற கபாலா அறிஞர் 20ஆம் நூற்றாண்டிலும் இப்படி ஆவிகளோடு பேசி, அவற்றுக்குத் திக்குன் செய்து, விவரமாக எழுதிவைத்தார். வைத்தியர் நோயாளிக் குறிப்பு எழுதுவதுபோல் இருக்கும்.

முத்துக்கரை

எங்கள் வீட்டில் சுகமில்லாதவர் தலைமாட்டில் 91ஆம் சங்கீதம் வாசிப்போம். அதற்கும் இதில் இடம் உண்டா?

நூலகவாசி

உண்டு. 'கேடுகளுக்கு எதிரான பாட்டு' என்று தல்மூத் என்கிற பழைய யூத நூலின் காலத்திலிருந்தே அதற்குப் பெயர். ஆவி ஓட்டும்போதும் ஓதுவார்கள், அடக்கத்தின்போதும் ஓதுவார்கள்.

இரவுப்பணி

எல்லாவற்றையும் படித்தேன். நான் பதினைந்து வருடமாக மனநலப் பிரிவில் செவிலியர். ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் சொன்ன கதைகளில் பிடிக்கப்படுகிறவர் பெண், பிடிக்கிறவர் ஆண், ஓட்டுகிறவரும் ஆண், சுற்றி நிற்கும் பத்துப் பேரும் ஆண். "நம்பிக்கையில் பிளவு" என்று குற்றமும் அவள் தலையில். பனையோலை அண்ணா, இரண்டு பேருக்கு வழி பார்த்தார்கள் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. செத்தவனிடம் பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், குறை கேட்டார்கள். அவளிடம் யார் கேட்டார்கள்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து ஆண்குரலில் பேசுகிறாள் என்றார்கள். எங்களுக்கு முன்னால் அவளை இரண்டு இடத்துக்குக் கூட்டிப்போய் அடித்திருந்தார்கள், முதுகெல்லாம் தழும்பு. மூன்றாம் நாள் ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு அந்த ஆளைக் கட்டிக்க வேண்டாம்க்கா." அவ்வளவுதான். அதைச் சொந்தக் குரலில் சொல்ல அவளுக்கு அந்த வீட்டில் வழியே இருக்கவில்லை.

இன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், ஐசிடி-11இல், ஆவிபிடித்த மயக்க நிலைக்குத் தனி இடம் உண்டு. அதிலும் ஒரு நிபந்தனை முக்கியம்: அந்த மனிதரின் பண்பாட்டிலோ சமயத்திலோ ஏற்கப்பட்ட சடங்கின் பகுதியாக வருவதை நோய் என்று சொல்லக்கூடாது. அவருக்குத் துன்பம் தந்தால், வாழ்க்கையைக் குலைத்தால் மட்டுமே நோய்.

பனையோலை

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொல்வது சரி. நான் ஆவியின் பக்கமே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். மானுடவியலாளரும் உளவியலாளருமான யோராம் பிலு, கிடைத்த பதிவுகளை வைத்து, பிடிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம், பிடித்த ஆவிகள் அநேகமாக எல்லாமே ஆண்கள் என்று காட்டினார். ராகேல் எலியோர் இன்னும் ஒருபடி மேலே போய், வேண்டாத திருமணத்திலிருந்தும் தாங்கமுடியாத வீட்டிலிருந்தும் பெண்ணுக்குக் கிடைத்த ஒரே வெளிவழி அது என்று பார்க்கிறார். ஆவி பிடித்திருக்கும்வரை அவளை யாரும் தொட முடியாது, அவள் வாயை அடைக்கவும் முடியாது.

வாயைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. அதே ஹயிம் வித்தால், வயதான காலத்தில் டமாஸ்கஸில். 1609இல் அங்கே ஒரு வீட்டுப் பெண்ணுக்குள் ஆவி வந்தது. இறந்துபோன அறிஞர் ஒருவரின் ஆவி என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. அவள் வழியாக ஊர்ப் பெரியவர்களின் பாவங்கள் வரிசையாக வெளியே வந்தன. வித்தாலுக்கும் குட்டு விழுந்தது. அவர் அதை மறைக்காமல் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இளம்பெண் ஒருத்தி தன் பெயரில் அதைச் சொல்லியிருந்தால் ஊர் கேட்டிருக்காது.

செம்பருத்தி

லுத்மிர் கன்னியைப் பற்றியும் சொல்லலாம் அண்ணா. 19ஆம் நூற்றாண்டு, இன்றைய உக்ரைனின் வோலின் பகுதி லுத்மிர் ஊர், ஹன்னா ராகேல் என்ற பெண். தாயின் கல்லறைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்து, எழுந்ததும் தனக்கு மேலிருந்து புதிய ஆன்மா ஒன்று கிடைத்தது என்றார். ஆண்களைப்போல் தொழுகைச் சால்வை போட்டார், கற்றார், கற்பித்தார். பெண்ணை நேரில் பார்க்கக்கூடாது என்பதால் அடுத்த அறையிலிருந்து பேச, கூட்டம் கேட்டது. ஆதரவாளர்களுக்கு அவர் ஞானி. எதிர்த்தவர்கள் திப்பூக் பிடித்திருக்கிறது என்றார்கள். கடைசியில் செர்னோபில் ரபி வற்புறுத்தி மணம் செய்ய வைத்தார், அது நிலைக்கவில்லை. பிற்பாடு எருசலேம் போய்விட்டார். அண்ணா சொன்ன அந்த 'கதவு ஒன்றுதான்' என்பதை இவர் விஷயத்தில் பாருங்கள். வந்தது இப்பூரா திப்பூக்கா என்று பெயர் வைத்தது சுற்றியிருந்த ஆண்கள்.

இரவுப்பணி

நன்றி செம்பருத்தி. இவரைப் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

நூலகவாசி

அப்படியானால் அன்ஸ்கியின் நாடகத்துக்கு வந்தே ஆக வேண்டும். இரவுப்பணி கேட்ட கேள்விக்கு அதில் ஒரு பதில் உண்டு.

ஷ. அன்ஸ்கி (1863–1920) இத்திஷ் எழுத்தாளர். 1912 முதல் 1914 வரை வோலின், பொதோலியா பகுதிகளில் ஏறக்குறைய 70 யூதச் சிற்றூர்களுக்குக் குழுவோடு போய்க் கதை, பாட்டு, தாயத்து, புகைப்படம் எல்லாம் திரட்டினார். பிறப்பு முதல் சாவு வரை கேட்பதற்கு அவர் தயாரித்த கேள்விப் பட்டியலில் 2,087 கேள்விகள். உலகப்போர் வந்து பயணம் நின்றது. அந்த அலைச்சலில் பிறந்ததுதான் 'திப்பூக்' நாடகம். அவர் அதை மேடையில் பார்க்கவில்லை. இறந்து 30ஆம் நாள், 1920 டிசம்பர் 9 அன்று, வார்சாவில் வில்னா குழு முதன்முதலாக அரங்கேற்றியது. 1922இல் மாஸ்கோவில் ஹபிமா குழு எபிரேயத்தில் போட்டது.

கதையில் லேயாவும் ஏழை மாணவன் கோனெனும். இவர்கள் பிறப்பதற்கு முன்பே இரண்டு தகப்பன்களும் சம்பந்தம் பேசிக் கைகொடுத்தவர்கள். கோனெனின் அப்பா செத்துப்போக, லேயாவின் அப்பா பணக்கார மாப்பிள்ளை தேடுகிறார். கோனென் இறக்கிறான். கல்யாணத்தன்று மணமேடையில் அவன் லேயாவுக்குள் வந்துவிடுகிறான். லேயாவே கல்லறைக்குப் போய் அவனைத் தன் திருமணத்துக்கு அழைத்துவிட்டு வந்தவள் என்பதை மறந்துவிடக்கூடாது.

பனையோலை

அந்த வழக்குக் காட்சிதான் எனக்கு. மிரோபோல் ரபி, செத்துப்போன தகப்பனை வாதியாக நீதிமன்றத்துக்கு வரவழைக்கிறார். அறையில் ஒரு திரை, அதற்கு அந்தப் பக்கம் செத்தவர். அவருடைய வழக்கு எளிமையானது: வாக்கு மீறியதால் என் மகன் போனான், எனக்குக் காதிஷ் சொல்ல ஆளில்லை. தீர்ப்பும் வருகிறது. லேயாவின் அப்பா சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும், இறந்த தகப்பனுக்கும் மகனுக்கும் வருடாவருடம் காதிஷ் சொல்ல வேண்டும். உயிரோடிருப்பவர் தீர்ப்பை ஏற்றுக்கொள்கிறார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து 'ஆமென்' வரவில்லை.

பிறகு ரபி, பத்துப் பேர், ஷோஃபார், விலக்கு என்று எல்லாம் நடந்து, கோனெனை வெளியேற்றியும் விடுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர எல்லாரும் போகிறார்கள். தனியாக இருக்கும் லேயா கோனெனின் குரலைக் கேட்டு, ரபி போட்ட காப்பு வட்டத்தைத் தாண்டி அவனோடு போய்விடுகிறாள். இரவுப்பணி தங்கச்சி, உங்கள் கேள்வியை நீங்கள் கேட்ட பிறகுதான் அந்தக் காட்சி எனக்குப் புரிந்தது. ரபி உட்பட அந்த அறையில் இருந்த யாரும் லேயாவுக்கு யார் வேண்டும் என்று கேட்கவில்லை.

இரவுப்பணி

இதைப் பார்க்க முடியுமா? படமாக எடுத்திருக்கிறார்களா?

நூலகவாசி

1937இல் போலந்தில் இத்திஷ் மொழியிலேயே எடுத்தார்கள், மிஹாவ் வஷின்ஸ்கி இயக்கம். கறுப்பு வெள்ளை. கல்யாண வீட்டில் ஏழைகளோடு மணப்பெண் ஆடுகிற இடத்தில் சாவு வேடமிட்ட உருவம் அவளோடு ஆடும், அதைத் தவறவிடாதீர்கள். எடுத்து இரண்டு வருடத்தில் போர். அதில் காட்டிய ஊர்களும் அந்த மொழியைப் பேசிய மக்களும் பெரும்பாலும் அழிக்கப்பட்டார்கள்.

பனையோலை

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு நானும் மகளும் பார்க்கப் போகிறோம். அவரவர் வீட்டில் அதே நேரத்துக்குப் போடுங்கள், முடிந்ததும் இங்கே வந்து பேசலாம். இரவுப்பணி, உங்களுக்கு அன்றைக்கு வேலை இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்வோம்.

இரவுப்பணி

சனிக்கிழமை வேலைதான் அண்ணா. ஞாயிறு வைத்துக்கொள்ளலாம்.